லேசர்க் கண் சத்திரசிகிச்சை: யாருக்குத் தகும், யாருக்குத் தகாது?

மருத்துவமனையொன்றிற் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளிற் பெரும்பாலானவற்றை நோயே தீர்மானிக்கின்றது. குடல்வால் அழற்சியுற்றவர் தமக்குச் சத்திரசிகிச்சை தகுமா தகாதா என நெடுநாள் ஆராய்ந்து கொண்டிருப்பதில்லை. அதற்கு அவருக்கு அவகாசமும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் களைவதற்காகச் செய்யப்படும் லேசர்ச் சத்திரசிகிச்சையின் நிலை வேறு. இங்கு வெட்டப்படுவதும் செதுக்கப்படுவதும் நோயுற்ற இழையம் அன்று. நலமுடன் இருக்கும் இழையம். கண்ணாடியோ தொடுகைவில்லையோ அணிந்தால் நன்றாகப் பார்க்கக்கூடிய ஒருவர், அவற்றை அணியாது பார்க்கவேண்டும் என்ற விருப்பினாலேயே சத்திரசிகிச்சை மேசையில் ஏறுகின்றார். ஆகவே "இதைச் செய்ய முடியுமா?" என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. "எனக்கு இது வேண்டுமா?" என்ற இரண்டாவது வினா எஞ்சி நிற்கின்றது. முதலாவது வினாவுக்கு விடை கூறவேண்டியவர் மருத்துவர். இரண்டாவதற்கு விடை கூறவேண்டியவர் கண்ணுக்குரியவர். ஆனால் முதலாவதன் விடையைப் புரிந்துகொள்ளாமல் அவரால் இரண்டாவதற்கு விடை காண இயலாது. இக்கட்டுரையில் நாம் முற்படுவது அப்புரிதலுக்கு வேண்டிய சிலவற்றை எடுத்துரைப்பதற்கே.

முதலிற் கண்ணின் ஒளியியலைச் சுருக்கமாக நோக்குவோம். கண்ணினுட் புகும் ஒளியை விழித்திரையிற் குவிப்பன இரண்டு: கண்ணின் முன்புறத்தே ஒளி ஊடுசெல்லவிடும் விழிவெண்படலம் ஒன்று; அதற்குப் பின்னே, கதிராளிக்கு அப்பால் அமைந்த கண்வில்லை மற்றொன்று. கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 தையொத்தர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 43 தையொத்தர், விழிவெண்படலத்தினுடையது. குவிக்கும் தொழிலைக் கண்வில்லையே செய்கின்றது எனப் பாடசாலையிற் படித்த நினைவோடு இருப்பவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். கண்வில்லையின் சிறப்பு அதன் வலுவிலன்று, அவ்வலுவை வேண்டியவாறு மாற்றும் ஆற்றலிலேயே உள்ளது. இந்த ஆற்றலைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

வளர்ந்த ஒருவரின் கண்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமானது. அது ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் ஏறத்தாழ 2.5 முதல் 3 தையொத்தர் வரை குறும்பார்வை உண்டாகும். தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னரே விழுந்துவிடுகின்றது. கண்கோளம் நீளத்திற் குறைந்திருப்பின் நீள்பார்வை. விழிவெண்படலம் பந்தின் மேற்பரப்புப் போலன்றி முட்டையின் பக்கத்தைப் போல ஒரு திசையிற் கூடுதலாக வளைந்திருந்தால் சிதறற்பார்வை. குறும்பார்வையுடையோர் அணியும் குழிவுவில்லை மேலதிக வலுவைக் கழித்துவிடுகின்றது. லேசர் செய்வதும் இதே கழித்தலைத்தான். ஆனால் கண்ணாடியிலன்றி விழிவெண்படலத்திலேயே அதைச் செய்கின்றது. படலத்தின் நடுப்பகுதியைச் சற்றே செதுக்கித் தட்டையாக்கினால் அதன் வலு குறைகின்றது.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். குறும்பார்வைக்குக் காரணமான கண்கோளத்தின் நீளம் இதனால் மாறுவதில்லை. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழிந்து கழன்றுவிடும் ஆபத்தும் குளுக்கோமா நோயின் ஆபத்தும் கடுங் குறும்பார்வையுடையோருக்குக் கூடுதலாக உள்ளன. சத்திரசிகிச்சையின் மறுநாள் கண்ணாடியைக் கழற்றி வீசியவர் இந்த ஆபத்துகளிலிருந்து விடுபட்டவர் அல்லர். "கண் சுகமாகிவிட்டது" என எண்ணி ஆண்டுதோறும் செய்யவேண்டிய விழித்திரைப் பரிசோதனையைக் கைவிடுவோரை எண்ணியே இதைக் கூறுகின்றோம்.

முன்னைய முயற்சிகள்

விழிவெண்படலத்தின் வடிவத்தை மாற்றிப் பார்வையைத் திருத்தலாம் என்ற எண்ணம் லேசருக்கு முற்பட்டது. அதன் வரலாறு இன்றைய முடிவுகளுக்கும் பயன்படும் ஒன்றாதலின் சற்று விரிவாக நோக்குவது தகும்.

யப்பானில் சற்றோ என்னும் கண்மருத்துவர் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை விழிவெண்படலத்தில் ஆரைத் திசையிற் கீறல்கள் இட்டுக் குறும்பார்வையைக் குறைக்க முயன்றார். படலத்தின் முன்புறத்தில் மட்டுமன்றி உட்புறத்திலும் அவர் கீறினார். ஆரம்ப விளைவுகள் மகிழ்ச்சியளித்தன. ஆனால் படலத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைக் கலப்படையே அதிலிருந்து நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றது என்பதும், அக்கலங்கள் அழிந்தால் மீளப் பெருகுவதில்லை என்பதும் அன்று அறியப்படவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், சிலருக்கு இருபது ஆண்டுகளும் கடந்தபின், அக்கண்கள் பல நீரேறி வீங்கிப் புகைபடிந்த கண்ணாடி போலாயின. சற்றோ மோசடிக்காரர் அல்லர், நேர்மையான ஆய்வாளர். தம் காலத்து அறிவின் எல்லையை அவர் அறியாதிருந்தார், அவ்வளவே.

கொலம்பியா நாட்டின் பொகொற்றா நகரிற் பணியாற்றிய ஸ்பானிய மருத்துவர் ஒசே இக்னாசியோ பராக்கர் வேறொரு வழியை நாடினார். 1940களின் இறுதியிலிருந்து அவர் உருவாக்கிய முறையில் விழிவெண்படலத்தின் மெல்லிய தட்டொன்று சீவி எடுக்கப்பட்டு, உறையச்செய்து கடையப்பட்டு, மீண்டும் கண்ணில் வைத்துத் தைக்கப்பட்டது. செய்வதற்கு மிகக் கடினமான இம்முறை பரவலாகவில்லை. ஆயினும் வடிவத்தை மாற்ற வேண்டுமாயின் படலத்தின் பொருளையே குறைக்கவேண்டும் என்ற கருத்தும், மேலே ஒரு மடலை உயர்த்தி அதன்கீழ் வேலை செய்யலாம் என்ற கருத்தும் அவரிடமிருந்தே வந்தன.

1970களில் மொஸ்கோவில் பியோதொரொவ் சற்றோவின் கீறல் முறையைத் திருத்தி, முன்புறத்தில் மட்டும் கீறும் முறையைப் பெருமளவிற் கையாண்டார். அமெரிக்காவிலும் அது பரவியது. அங்கு 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஓர் ஆய்வு, சத்திரசிகிச்சை செய்யப்பட்ட கண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தது. 1994இல் வெளியான முடிவின்படி, 43 சதவீதமான கண்கள் சத்திரசிகிச்சைக்கு ஆறு மாதங்களுக்குப் பின்னிருந்த நிலையிலிருந்து ஒரு தையொத்தரோ அதற்கு மேலோ நீள்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. கீறலால் நலிவுற்ற படலம் கண்ணின் உள்ளழுத்தத்தால் மெல்ல மெல்ல மாறிக்கொண்டேயிருந்தது. 1996 மே மாதம் எவறெஸ்ற் சிகரத்தில் ஏறிய அமெரிக்கர் பெக் வெதர்சின் கண்களும் இவ்வாறு கீறப்பட்டவை. உயரத்தின் ஒட்சிசன் குறைவினால் அவற்றின் வடிவம் மாறிப் பார்வை மங்கியதால் அவர் மேலே செல்ல இயலாது நிற்க நேர்ந்தது. பின்னர் வீசிய புயலில் அவர் பிழைத்தது வேறு கதை.

இவ்வளவு கூறுவதன் நோக்கம் வாசகரை அச்சுறுத்துவதன்று. இன்றைய முறைகள் இவற்றினின்றும் பெரிதும் வேறுபட்டவை; கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவமும் அவற்றிற்கு உண்டு. ஆனால் மறுநாட் காலையிற் கிடைக்கும் தெளிவான பார்வை மட்டுமே ஒரு முறையின் தகுதிக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

லேசரின் வருகை

லேசரை இத்துறைக்குக் கொண்டுவந்த கண்டுபிடிப்பிற் பங்குகொண்டவர்களுள் ஒருவர் சென்னையிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இரங்கசாமி சிறீனிவாசன். நியூயோர்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அவரும் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் ஆகியோரும் எக்சைமர் லேசர் எனப்படும் கருவியின் ஊதாகடந்த கதிரைச் சேதனப் பொருள்களின்மேற் செலுத்தி ஆராய்ந்தனர். 1981 நவம்பரில், நன்றி கூறும் திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் பகுதியை சிறீனிவாசன் ஆய்வுகூடத்திற்கு எடுத்துச் சென்று அதன்மேல் இக்கதிரைப் பாய்ச்சினார். கருகல் இல்லை, சுற்றியிருந்த இழையத்திற் சேதமும் இல்லை, வெட்டு மட்டும் நேர்த்தியாக விழுந்திருந்தது.

இதன் காரணம் எளிது. ஆகனும் புளோரீனும் சேர்ந்து தரும் இக்கதிரின் அலைநீளம் 193 நானோமீற்றர். அதன் ஒரு போட்டனின் சக்தி 6.4 இலத்திரன் வோல்ற்று. சேதன மூலக்கூறுகளின் பிணைப்புகளை நேரடியாகவே அறுப்பதற்கு இச்சக்தி போதும். சாதாரண லேசர்கள் இழையத்தைச் சூடாக்கி எரிக்கின்றன. இதுவோ மூலக்கூறுகளைத் துண்டித்து ஆவியாக்கி வெளியேற்றுகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் அகற்றப்படுவது ஏறத்தாழ கால் மைக்கிரோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பை அகற்றுவதற்குச் சில நூறு துடிப்புகள் வேண்டும். நியூயோர்க் கண்மருத்துவர் ஸ்ரீபன் றொக்கெல் 1983இல் சிறீனிவாசனுடன் இணைந்து விழிவெண்படலத்தில் இதன் பயனை வெளிப்படுத்தினார். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்முறையைக் குறும்பார்வைக்கு அனுமதித்தது.

இன்று வழங்கும் முறைகள் மூன்று. பீ.ஆர்.கே. எனப்படும் முதல் முறையில் மேலணி என்னும் மேற்படை அகற்றப்பட்டு, வெளிப்பட்ட பரப்பு லேசரினாற் செதுக்கப்படும். மேலணி சில நாட்களில் மீள வளரும். அதுவரை வலி உண்டு. பார்வை செம்மையாகச் சில வாரங்கள் செல்லும். லேசிக் என்னும் இரண்டாவது முறையில், கிரேக்கத்தின் கிரீற் தீவில் பலிகாரிஸ் 1990ஆம் ஆண்டளவிற் செய்தவாறு, விழிவெண்படலத்தில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய மடல் ஒன்று உயர்த்தப்பட்டு, அதன்கீழ் லேசர் செலுத்தப்பட்டு, மடல் மீண்டும் மூடப்படும். வலி குறைவு, மறுநாளே பார்வை தெளிந்துவிடும். இதன் பெரும் செல்வாக்கிற்குக் காரணம் இதுவே. ஸ்மைல் என்னும் மூன்றாவது முறையில் மடல் இல்லை. வேறுவகை லேசரினாற் படலத்தினுள்ளே வில்லை வடிவான ஒரு துண்டு வெட்டப்பட்டுச் சிறு துவாரத்தினூடாக வெளியே எடுக்கப்படும். அமெரிக்காவில் இது 2016இல் அனுமதி பெற்றது.

விரைவிற் குணமாகும் முறையே சிறந்த முறை என்ற எண்ணம் இயல்பானது. அது எல்லோர்க்கும் பொருந்தாது. லேசிக் மடல் ஓரத்தில் மட்டுமே ஓரளவு உறுதியாக ஒட்டும். அதன் பழைய உறுதி ஒருபோதும் முழுமையாக மீள்வதில்லை. ஆண்டுகள் கழிந்தபின்னும் கண்ணில் விழும் பலத்த அடியால் மடல் விலகிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. குத்துச்சண்டை வீரருக்கும், தற்காப்புக் கலைகள் பயில்வோருக்கும், படைத்தொழிலோருக்கும் மெதுவாகக் குணமாகும் பீ.ஆர்.கே. முறையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது இதனாலேயே.

ஓர் எளிய கணக்கு

"எனது கண் பொருத்தமற்றது என மருத்துவர் கூறிவிட்டார், ஏன் எனத் தெரியவில்லை" என்போர் உளர். இதன் பின்னணியில் உள்ள கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவரும் செய்யலாம். விழிவெண்படலத்தின் நடுத்தடிப்புச் சராசரியாக ஏறத்தாழ 540 மைக்கிரோமீற்றர். அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு தையொத்தரைத் திருத்துவதற்கு அகற்றவேண்டிய ஆழத்தை அறிய, செதுக்கப்படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுக்கவேண்டும். விட்டம் 6 மில்லிமீற்றர் எனின், தையொத்தருக்கு 12 மைக்கிரோமீற்றர். இது அண்ணளவு, நடைமுறையில் கருவிகள் சற்றுக் கூடுதலாகவே அகற்றுகின்றன.

படலத் தடிப்பு 540 ஆகவும் குறும்பார்வை 4 தையொத்தராகவும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மடலின் தடிப்பு 110, அகற்றப்படுவது 48, அடியில் எஞ்சுவது 382 மைக்கிரோமீற்றர். கவலையில்லை. இனி, தடிப்பு 500 ஆகவும் குறும்பார்வை 9 தையொத்தராகவும் உள்ள இன்னொருவர். மடல் 110, அகற்றப்படுவது 108, எஞ்சுவது 282. மடலுக்குக் கீழே குறைந்தது 250 மைக்கிரோமீற்றராவது எஞ்சவேண்டும் என்பது நீண்டகாலமாக வழங்கிவரும் அளவுகோல். மருத்துவர் பலர் 300ஐ விரும்புவர். முதலாவது அளவுகோலின்படி இவர் தேறிவிடுகின்றார். ஆனால் மடலும் அகற்றப்பட்டதும் சேர்ந்து மொத்தத் தடிப்பின் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் 43.6 வருகின்றது. 2014இல் வெளியான ஆய்வுகளின்பின் இது 40 சதவீதத்தை எட்டும்போது ஆபத்து கூடுகின்றது எனக் கொள்ளப்படுகின்றது. அந்த அளவுகோலின்படி இவர் தேறவில்லை. இத்தகையவரிடம் "செய்யலாம்" என ஒரு மருத்துவரும் "கூடாது" என இன்னொரு மருத்துவரும் கூறுவது இருவருள் ஒருவரின் அறியாமையால் அன்று. எல்லைக்கோட்டில் நிற்கும் கண் அது. எல்லைக்கோட்டில் நிற்கும்போது, கண்ணாடி என்னும் தீங்கற்ற மாற்றுவழி உள்ளவரை, "கூடாது" என்ற பக்கமே சாய்வதுதான் முறை என்பது எமது கருத்து. இத்தகைய கடுங் குறும்பார்வையினருக்கு விழிவெண்படலத்தைச் செதுக்காமல் கண்ணினுள்ளே மேலதிக வில்லை ஒன்றைப் பொருத்தும் வேறொரு முறையும் உண்டு. அதற்குரிய ஆபத்துகள் வேறு.

அளவுக்கு மீறி நலிவுற்ற படலம் கண்ணின் அழுத்தத்தைத் தாங்காது முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்கும். அரிதாயினும் இச்சத்திரசிகிச்சையின் மிகக் கொடிய விளைவு இதுவே. இவ்வாறு பிதுங்குவதற்கு இயல்பாகவே உள்ள நாட்டம் சிலரிடம் மறைந்திருக்கும். கூம்புவிழி நோய் எனப்படுவது அது. தெற்காசிய மக்களிடையே இது ஐரோப்பியரிடையே காணப்படுவதிலும் கூடுதலாகக் காணப்படுவது எமது வாசகர் கருத்திற் கொள்ளத்தக்கது. சிதறற்பார்வை விரைந்து மாறிக்கொண்டிருப்பதும், குடும்பத்தில் இந்நோய் இருப்பதும், கண்ணை எந்நேரமும் கசக்கும் பழக்கமும் எச்சரிக்கைக் குறிகள். படலத்தின் முன், பின் மேற்பரப்புகளை நிலப்படம்போல வரைந்து காட்டும் கருவிகள் இதை ஆரம்ப நிலையிலேயே கண்டறிய உதவுகின்றன. அப்பரிசோதனை இன்றி, கண்ணாடியின் வலுவை மட்டும் பார்த்து நாள் குறிக்கும் இடத்தைவிட்டு வாசகர் எழுந்து வந்துவிடலாம். தொடுகைவில்லை அணிவோரின் விழிவெண்படலம் அதனால் உருமாறியிருக்கும். ஆதலால் மென்வில்லையாயின் குறைந்தது இரண்டு வாரங்களும், வன்வில்லையாயின் மூன்று, நான்கு வாரங்களும் அதை நிறுத்திய பின்னரே இவ்வளவீடுகள் நம்பத்தக்கவை.

ஏனைய தடைகளைச் சுருங்கக் கூறலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு இது தகாது. வயது வந்தவரிலும் கண்ணாடியின் வலு ஓராண்டில் அரைத் தையொத்தருக்கு மேல் மாறியிருப்பின் பொறுத்திருக்கவேண்டும். மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை நிரந்தரமாகத் திருத்துதல் இயலாத காரியம். கருவுற்றிருக்கும்போதும் தாய்ப்பால் ஊட்டும்போதும் தவிர்த்தல் வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு, மூட்டுவாத நோய், உடல் தன்னையே தாக்கும் ஏனைய நோய்கள் ஆகியவற்றில் காயம் ஆறுவது சீராக இராது. பருக்களுக்காக உட்கொள்ளப்படும் ஐசோறெற்றினொயின் போன்ற சில மருந்துகளும் இடையூறானவை.

நாற்பதைக் கடந்தோர்

கண்வில்லை தன் வலுவை மாற்றும் ஆற்றலுடையது என மேலே கூறினோம். இவ்வாற்றல் குழந்தைப் பருவத்திலிருந்தே குறைந்து வந்து, நாற்பது, நாற்பத்தைந்து வயதளவில் நூலைக் கைநீட்டிப் பிடிக்கும் நிலைக்கு எம்மைக் கொண்டுவந்து விடுகின்றது. இதுவே வெள்ளெழுத்து. லேசர் செதுக்குவது விழிவெண்படலத்தை. வெள்ளெழுத்தின் இருப்பிடமோ கண்வில்லை. ஆகவே இச்சத்திரசிகிச்சையால் வெள்ளெழுத்தைத் தடுக்க இயலாது.

இதிலே ஒரு முரண் உண்டு. 3 தையொத்தர்க் குறும்பார்வையுடைய பிழைதிருத்துநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம், வயது 44. தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணியும் அவர், மேசையில் அமர்ந்து அச்சுப்படிகளைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓரடித் தூரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாகக் காண்கின்றார். சத்திரசிகிச்சையின்பின் அவர் வீதியின் எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையைக் கண்ணாடியின்றி வாசிப்பார். ஆனால் நாள் முழுதும் செய்யும் தொழிலுக்குக் கண்ணாடி தேடுவார். அவர் பெற்றது ஒன்று, இழந்தது ஒன்று. இழந்ததே அவருக்குப் பெரிதாக இருக்கலாம். ஒரு கண்ணைத் தூரத்திற்கும் மற்றதைக் கிட்டத்திற்குமாகத் திருத்தும் வழியும் உண்டு. அதைச் சிலரின் மூளை ஏற்கும், சிலரின் மூளை ஏற்காது. எனவே தொடுகைவில்லைகளால் அந்நிலையைச் சில நாட்கள் உருவாக்கிப் பரீட்சித்துப் பார்த்தபின்னரே துணியவேண்டும். இதற்கு மாறாக, 24 வயதுடைய மீன்பிடித் தொழிலாளி ஒருவருக்கோ தீயணைப்புப் படைவீரர் ஒருவருக்கோ கண்ணாடி தொழிலுக்கே இடையூறு. உப்புநீர் படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வலையிழுப்பவருக்கு இருபது ஆண்டுகளின் தெளிவான பார்வை அற்ப இலாபம் அன்று. கண்ணாடி வெறும் அழகுக் குறைபாடு, அதைக் களைய விரும்புவது வீண் ஆடம்பரம் என எம்மவரிற் சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை.

பயனும் பாதிப்பும்

உலகளாவிய ஆய்வுகளைத் திரட்டி 2009இல் வெளியான மதிப்பீடொன்றில், லேசிக் செய்துகொண்டோருள் 95.4 சதவீதமானோர் திருப்தி தெரிவித்தனர். வேறு எச்சத்திரசிகிச்சைக்கும் எளிதிற் கிட்டாத எண் இது. ஆனால் திருப்தியென்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத செய்திகளும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஏனைய அரச அமைப்புகளுடன் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர் அளப்பதை விடுத்து, நோயாளர் தாமே உணர்வதைக் கேட்டறிந்தது. முன்பு எவ்விதப் பார்வைத் தொல்லையும் இல்லாதிருந்தவர்களுள் 46 சதவீதம் வரையானோர் சத்திரசிகிச்சைக்கு மூன்று மாதங்களின்பின் ஏதேனும் ஒரு புதிய தொல்லையைக் குறிப்பிட்டனர். விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதே அவற்றுள் முதன்மையானது. கண் உலர்வு முன்பு இல்லாதோருள் 28 சதவீதம் வரையானோர்க்கு அது புதிதாக ஏற்பட்டிருந்தது. அதே ஆய்விற் பங்குபற்றியோரில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தம் பார்வையிற் திருப்தியும் கொண்டிருந்தனர். அத்தொல்லைகளால் அன்றாட அலுவல்களிற் பெரிதும் இடர்ப்பட்டோர் 1 சதவீதத்திலும் குறைவு. ஏற்கெனவே தொல்லை இருந்தோரிற் பலருக்கு அது நீங்கியும் இருந்தது. ஆகவே இவ்வெண்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து விளம்பரமாக்குவதும் தவறு, பயமுறுத்தலாக்குவதும் தவறு.

உலர்வுக்குக் காரணம் நரம்பு. விழிவெண்படலம் உடலிலேயே நரம்புகள் மிகச் செறிந்த இழையங்களுள் ஒன்று. மடலை வெட்டும்போது அந்நரம்புகள் அறுபடுகின்றன. "கண் காய்கின்றது, கண்ணீர் சுரக்கட்டும்" என்ற செய்தி மூளைக்குச் செல்வது குறைகின்றது. பெரும்பாலானோருக்கு ஆறு மாதம், ஓராண்டினுள் இது சீராகும். மிகச் சிலருக்குச் சீராவதில்லை. அவர்களிலும் சிலருக்கு நரம்பு தவறாக மீள்வதனால் உலர்வுக்கு ஒவ்வாத அளவு வலி நீடிக்கும். ஏற்கெனவே கண் உலர்வு உடையோர், நாள் முழுதும் கணினித் திரையை இமைகொட்டாது நோக்குவோர், குளிரூட்டிய அறையிற் பணிபுரிவோர் முதலியோர் இதைத் தனித்து எண்ணிப்பார்க்கவேண்டும். தொடுகைவில்லை ஒத்துக்கொள்ளாததால் லேசரை நாடுவோர் பலர். ஒத்துக்கொள்ளாமைக்குக் காரணம் உலர்வே என்றால், அவர்கள் நாடுவது அதே தொல்லையின் பெருவடிவத்தையாக இருக்கலாம். இரவில் நெடுந்தூரப் பேருந்து செலுத்தும் சாரதிக்கு உலர்வைவிட ஒளிவட்டங்களே முக்கியமாகும்.

இச்செய்திகள் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளரைச் சென்றடைகின்றனவா? 2008 ஏப்பிரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு முன்னிலையில், பாதிப்புற்றோரும் அவர்களின் குடும்பத்தினரும் நேரில் தோன்றிச் சாட்சியமளித்தனர். அவர்களின் முறைப்பாடு ஆபத்து உள்ளது என்பதன்று; ஆபத்து தமக்குச் சொல்லப்படவில்லை என்பதே. முற்கூறிய 2017ஆம் ஆண்டின் ஆய்வு அவ்விசாரணையின் விளைவாக எழுந்தது. 2022 யூலையில் அதே நிருவாகம், நோயாளர் வாசித்துக் கையொப்பமிட வேண்டிய ஆபத்துப் பட்டியல் ஒன்றை உள்ளடக்கிய வரைவை வெளியிட்டபோது, சத்திரசிகிச்சையாளர் அமைப்புகள் அதனை ஒருதலைப்பட்சமானது எனக் கண்டித்தன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நோய் தீர்க்கும் மருத்துவத்தில் நோயாளி தேவையால் வருகின்றார். இங்கோ தேவையே விளம்பரத்தால் ஆக்கப்படலாம். விலையுயர்ந்த கருவியொன்றை வாங்கிவைத்த நிறுவனத்திற்கு அக்கருவி நாள்தோறும் இயங்கவேண்டும். கழிவு விலையும், "இம்மாத இறுதிவரை மட்டும்" என்ற அவசரமும் மருத்துவத்தின் மொழியல்ல, சந்தையின் மொழி. அம்மொழியிற் பேசும் இடத்திற்கூட ஆற்றல்மிக்க மருத்துவர் இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அங்குக் கூடுகின்றன: உங்களிடம் வருவோருள் எத்தனை பேரைப் பொருத்தமற்றவர் எனத் திருப்பி அனுப்புகின்றீர்கள்? என் படலத்தின் தடிப்பு என்ன, எவ்வளவு அகற்றுவீர்கள், எவ்வளவு எஞ்சும்? கண்மணி இருளில் எவ்வளவு விரிகின்றது? மறுபடி திருத்த நேர்ந்தால் அதற்குப் போதிய தடிப்பு இருக்குமா? ஓராண்டின்பின் தொல்லை நேர்ந்தால் என்னைப் பார்ப்பவர் யார்? முதற் கேள்விக்கு "ஒருவரையும் இல்லை" என்பது விடையாயின், ஏனையவற்றைக் கேட்கவேண்டிய தேவையே எழாது.

பிற்காலத்திற்குரிய இரு செய்திகளை விளம்பரங்கள் மட்டுமன்றி மருத்துவரிற் சிலரும் கூற மறந்துவிடுகின்றனர். கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் வழக்கமான கருவி, படலம் ஏறத்தாழ 520 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது என்ற எடுகோளின்மேல் அமைந்தது. மெலிந்த படலத்தில் அது உண்மையிலும் குறைந்த அழுத்தத்தையே காட்டும். குளுக்கோமா வளர்ந்துகொண்டிருக்க, அளவீடு "நன்று" எனலாம். இரண்டாவது, முதுமையிற் கண்புரை வந்து செயற்கை வில்லை பொருத்தப்படும்போது எழும் சிக்கல். அவ்வில்லையின் வலுவைக் கணிக்கும் சூத்திரங்கள் இயல்பான வளைவுடைய படலத்திற்காக ஆக்கப்பட்டவை. செதுக்கிய கண்ணில் அவை பிழைக்கும். இதற்கெனத் திருத்திய சூத்திரங்கள் இன்று உள்ளன. எனினும் சத்திரசிகிச்சைக்கு முந்திய வளைவு, தடிப்பு, கண்ணாடி வலு ஆகிய அளவீடுகள் கையிலிருந்தால் கணிப்புக்கு அவை பெரிதும் துணைசெய்யும். முப்பது ஆண்டுகளின்பின் அந்த நிறுவனம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அளவீடுகளின் பிரதியைச் சத்திரசிகிச்சை நாளன்றே கேட்டு வாங்கிப் பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கையருக்கு இன்னுமொரு செய்தியும் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பி வருகின்றது. எமது நாட்டில் கண்தானப் பத்திரத்திற் கையொப்பமிட்டோர் ஏராளம். லேசரினாற் செதுக்கப்பட்ட படலத்தைக் கண்வங்கிகள் முழுத்தடிப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஏற்பதில்லை. ஆயினும் அதன் உட்படை மட்டும் தேவைப்படும் நோயாளருக்கு அது பயன்படும். இச்சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டோர் அதனைத் தம் வீட்டாரிடம் சொல்லிவைத்தல் வேண்டும். கண்ணை எடுக்க வருபவர் அவர்களிடமே கேட்பார்.